பேமேக்ஸுக்கு எதற்குக் கவசம்?

‘பிக் ஹீரோ 6’ பார்த்தவர்களிடம் படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் அந்த வெள்ளை ரோபோவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்பார். இன்னொருவர் ரோபோவை ஒரு வரியில் முடித்துவிட்டு, வில்லன் யார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, கடைசி அரைமணி நேரம் வழக்கமான சூப்பர்ஹீரோ சண்டை என்று சலித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் இந்த வழக்கு பல வருடமாக ஓடுகிறது. அக்கா மகள் முதல் கட்சி. அத்தான் இரண்டாவது கட்சி. மார்வெல் படம் ஒன்று விடாமல் பார்க்கிறவர், அதனால் சலிக்கவும் உரிமை உள்ளவர். அக்காவுக்குப் படத்தின் மேல் தனியாக ஒரு கோபம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். நான் மனதளவில் சின்னவள் பக்கம். ஆனால் அத்தான் சொல்லும் குறைகளில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடிந்ததில்லை. அந்தச் சங்கடம்தான் இதை எழுத வைக்கிறது.

கதை தெரியாதவர்களுக்கு: ஹிரோ 14 வயதுப் பையன், ரோபோ செய்வதில் மேதை. அப்பா அம்மா அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார்கள். கேஸ் ஆன்ட்டி வளர்க்கிறார். அண்ணன் தடாஷி பல்கலைக்கழகத்தில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள ஒரு ரோபோ செய்கிறான், பெயர் பேமேக்ஸ். பிறகு ஒரு தீ விபத்து. உள்ளே சிக்கிய பேராசிரியரைக் காப்பாற்ற ஓடும் தடாஷி திரும்பி வரவில்லை. ஹிரோவுக்கு அண்ணன் விட்டுப்போனது அந்த ரோபோ மட்டும்தான். தீ தற்செயலாகப் பற்றியது இல்லை என்று சந்தேகம் வந்ததும் பேமேக்ஸுக்குக் கவசம் மாட்டி, கராத்தே சொல்லிக்கொடுத்து, அண்ணனின் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு பழிவாங்கக் கிளம்புகிறான். இனி முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படம் வந்தது 2014 நவம்பரில். 2009ல் டிஸ்னி மார்வெலை வாங்கிய பிறகு, டிஸ்னியின் சொந்த அனிமேஷன் ஸ்டூடியோ மார்வெல் பாத்திரங்களை எடுத்துச் செய்த முதல் படம் இதுதான். இயக்குநர்கள் டான் ஹால், கிறிஸ் வில்லியம்ஸ். 1998ல் தலைகாட்டிய, அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாத ஒரு காமிக்ஸ் குழுவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தெரியாததுதான் வசதி; ‘எங்கள் காமிக்ஸைக் கெடுத்துவிட்டாய்’ என்று சண்டைக்கு வர ஆள் குறைவு. அந்தக் காமிக்ஸில் பேமேக்ஸ் ஒரு மெய்க்காவல் ரோபோ, பச்சை டிராகனாக உருமாறும். குழுவில் சன்ஃபயர், சில்வர் சாமுராய் என்று வேறு ஆட்களும் இருந்தார்கள். படத்தில் பெயர்களும் ஹிரோவும் மிஞ்சியது போக, கிட்டத்தட்ட மற்ற எல்லாமே புதிது.

டிராகன் எப்படி இந்தக் காற்றடைத்த உருவம் ஆனது என்பது எனக்குப் படத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்த கதை. சினிமாவில் அதுவரை யாரும் காட்டாத ரோபோ வேண்டும் என்று டான் ஹால் தேடிப் போனார். பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் அட்கெசன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், வினைல் உறைக்குள் காற்றை நிரப்பி இயக்கும் ஒரு ரோபோ கையைப் பார்த்தார். முடியாதவர்களுக்குப் பல் தேய்த்துவிடுவது போன்ற வேலைகளுக்காக யோசிக்கப்பட்டது அது. இரும்புக் கை கனமானது. கணக்கு ஒரு விரற்கடை பிசகினாலும் படுக்கையில் இருப்பவரின் தாடை போய்விடும். காற்றுக் கையில் எடையே கிடையாது, தவறிப்போய் மோதினாலும் அதுதான் மடங்கும். மென்ரோபோ துறைக்கே அடிப்படை இந்த எண்ணம்தான். ஆக, பேமேக்ஸின் உடம்பு அழகுக்காக வரைந்த உடம்பு இல்லை. யாரையும் காயப்படுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்று யோசித்த ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த உடம்பு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

முகத்துக்கு ஜப்பானியக் கோயில்களில் தொங்கும் மணி. அதில் உள்ள இரண்டு துளைகளும் நடுவில் ஒரு கீறலும்தான் பேமேக்ஸின் கண்கள், நடுக்கோடு. வாய் கிடையாது, புருவம் கிடையாது. அனிமேட்டர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள். கார்ட்டூனில் நடிப்பே வாயும் புருவமும்தான். நடைக்குப் பென்குயின் குஞ்சுகளின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறார்கள். குரல் ஸ்காட் ஆட்சிட். ஒரே தொனி, ஏற்ற இறக்கமே இல்லாத மருத்துவமனை மரியாதை.

அக்கா மகளுக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டாள். ஹிரோவின் காலில் ஏதோ விழுகிறது, அவன் ‘ஆ’ என்கிறான். மூலையில் இருந்த சிவப்புப் பெட்டி திறந்து பேமேக்ஸ் மெதுவாக ஊதி எழுகிறது. அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குத்தான் இடம். பேருந்தில் ஏறிய பாய் வியாபாரி மாதிரி அது அந்தச் சந்துக்குள் நுழைகிறது. வினைல் உரசும் கீச்சுச் சத்தம். அலமாரியிலிருந்து புத்தகங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. பேமேக்ஸ் அதற்காக அவசரப்படுவதும் இல்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. ஹிரோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், நாமும். இசை கூட இல்லை. ஒரு பெரிய ஸ்டூடியோ படம் இவ்வளவு நேரம் ஒரு நடையை மட்டுமே காட்டிக்கொண்டு நிற்கத் துணிந்ததே பெரிய விஷயம். அப்புறம் போலீஸ் நிலையத்தில், உடம்பில் விழுந்த ஓட்டைகளைச் செலோ டேப் கிழித்து ஒட்டிக்கொள்வது. சார்ஜ் இறங்கி, தண்ணி அடித்தவர் மாதிரி உளறியபடி மாடிப்படி ஏறுவது. பூனையைத் தடவிக்கொடுத்து ‘முடி வைத்த பாப்பா’ என்பது. இந்த இடங்களில் சின்னவள் சிரிப்பதும் அத்தான் சிரிப்பதும் ஒரே சத்தம்தான். கட்சி வேறுபாடு அப்போது கிடையாது.

இந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட கருத்துகளிலேயே எனக்கு மிகவும் உபயோகமானது செவிலியராக வேலை செய்யும் ஒரு தோழி சொன்னது. ‘ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு?’ என்று பேமேக்ஸ் கேட்கும் இடத்தில் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அது படத்துக்காகக் கண்டுபிடித்த வசனம் இல்லை. வார்டில் தினமும் கேட்கும் கேள்விதான். எண் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்குச் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரிசையாக வரைந்த அட்டையைக் காட்டி, எது நீ என்று கேட்பார்கள். பேமேக்ஸின் வயிற்றில் ஒளிர்வதும் அந்த முக வரிசைதான்.

“கேள்வி எல்லாரும் கேக்குறதுதான். கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்து நிக்குது பாரு, அதுதான் எங்களால முடியாதது” என்றாள். அடுத்த கட்டிலுக்குப் போயாக வேண்டிய அவசரம் இல்லாத ஒரு செவிலியரை அவள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘என் கவனிப்பில் திருப்தி’ என்று சொன்னால்தான் பேமேக்ஸ் பெட்டிக்குள் திரும்பும் என்பதற்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் திணிக்கும் கருத்துப் படிவம் அவள் கண்முன் வந்திருக்கும்.

அவளுக்கு ஒரு ஆட்சேபணையும் உண்டு. ‘என்னை ஸ்கேன் பண்ணாதே’ என்று ஹிரோ சொல்லி முடிப்பதற்குள் ‘ஸ்கேன் முடிந்தது’ என்கிறது பேமேக்ஸ். எல்லாரும் சிரிக்கும் இடம். அவள் சிரிக்கவில்லை. சம்மதம் கேட்காமல் தொடுவதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். தடாஷி அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ முறைகளை ஏற்றி வைத்ததாகப் படம் சொல்கிறது. இந்த ஒன்றை விட்டுவிட்டான் போல.

இன்னொரு விதமான விவாதம் பெற்றோர்களிடையே நடக்கும். சின்னக் குழந்தைக்குக் காட்டலாமா? ரோபோ பொம்மைக்காகக் கூட்டிக்கொண்டு போன குழந்தை, படத்தின் முதல் பாதியிலேயே ஒரு அண்ணன் தீக்குள் ஓடிச் சாவதைப் பார்க்கிறது. தொப்பி மட்டும் கீழே கிடக்கிறது. மழையில் இறுதிச் சடங்கு. பிறகு நாள் கணக்கில் படுக்கையை விட்டு எழாத ஹிரோ, தொடாமல் கிடக்கும் சாப்பாட்டுத் தட்டு. காட்டலாம் என்பதுதான் என் கட்சி. ஏனென்றால் படம் அந்த இடத்தில் பொய் சொல்லவில்லை. பேமேக்ஸ் துக்கத்துக்கு மருந்து தேடும் விதத்தைப் பாருங்கள்: இழப்புக்கான சிகிச்சை என்று தரவுகளைத் தேடி இறக்கிக்கொண்டு, நண்பர்களோடு பேசச் சொல்கிறது, வந்து கட்டிப்பிடிக்கிறது, ‘பரவாயில்லை, பரவாயில்லை’ என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறது. துக்க வீட்டுக்குப் போகும் நாமெல்லாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நமக்கும் வேறொன்றும் தெரியாது.

சரி, அத்தான் கட்சிக்கு வருவோம்.

அவர் குற்றப்பத்திரிகை நீளமானது. முகமூடி போட்ட வில்லன் யார்? பணக்காரத் தொழிலதிபர் கிரே என்று படம் நம்மைத் தள்ளும் தள்ளலிலேயே, அவர் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் பெரியவர் ஒருவர்தான், தீயில் செத்ததாகச் சொல்லப்பட்ட பேராசிரியர் கேலகன். சூப்பர்ஹீரோ படம் நாலு பார்த்தவனுக்கு இது புதிரே இல்லை. அடுத்தது குழு. ஆறு பேர் என்று தலைப்பு சொல்கிறது. மனதில் நிற்பவர்கள் இரண்டு பேர். கோகோ வேகமானவள், சூயிங்கம் மெல்லுவாள். ஹனி லெமன் ரசாயனக்காரி, எல்லாரையும் செல்ஃபி எடுப்பாள். வசாபி ஒழுங்குப் பைத்தியம். ஃப்ரெட் காமிக்ஸ் பைத்தியம். ஆளுக்கு ஒரு குணம், ஒரு நிறம், ஒரு ஆயுதம், முடிந்தது. உடை தைத்துப் பயிற்சி எடுக்கும் காட்சித் தொகுப்புக்கு ஒரு ராக் பாட்டு. வானத்தில் ஒரு துவாரம் திறந்து எல்லாவற்றையும் உறிஞ்சும் கிளைமாக்ஸ். 2012க்குப் பிறகு வந்த சூப்பர்ஹீரோ படங்களில் வானத்தில் ஓட்டை விழாத படத்தைத் தேட வேண்டும் என்பார் அத்தான்.

இதில் எதை மறுப்பது? ஒன்றிரண்டு சில்லறை மட்டும் திருப்பித் தர முடியும். வில்லன் துரத்தும்போது சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்தும் வசாபி நல்ல நகைச்சுவை. ஃப்ரெட் கடைசியில் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும் இடமும் நன்றாக இருக்கும். டைட்டில் ஓடி முடிந்த பிறகு மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீ ஃப்ரெட்டின் அப்பாவாக வந்து போவதைச் சொல்கிறேன். காமிக்ஸில் ஜப்பானியக் குழுவாக இருந்ததைப் படத்தில் ஒரு கறுப்பினத்தவர், ஒரு வெள்ளையர் என்று பிரித்துக்கொண்டது பற்றி அப்போதே அமெரிக்காவில் முணுமுணுப்பு இருந்தது. அதே சமயம், டிஸ்னி அனிமேஷனில் ஒரு ஆசிய அமெரிக்கப் பையன் நாயகனாக, அவனுக்கு அதே கலப்புப் பின்னணி உள்ள ரயன் பாட்டர் குரல் கொடுத்து வந்ததே பெரிது என்று மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஊரைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. சான் பிரான்சிஸ்கோவையும் டோக்கியோவையும் கலந்த சான் ஃப்ரான்சோக்கியோ. கோல்டன் கேட் பாலத்தின் தூண்கள் ஜப்பானியக் கோயில் வாயில் போல வளைந்திருக்கும். உண்மையான சான் பிரான்சிஸ்கோவின் சொத்துப் பதிவு விவரங்களை எடுத்துக்கொண்டு 83,000 கட்டடங்களை எழுப்பினார்கள். ஹைப்பீரியன் என்று டிஸ்னி சொந்தமாக எழுதிய ஒளியமைப்பு மென்பொருளை முழுப்படத்துக்கும் பயன்படுத்தியதும் இதில்தான் முதல்முறை. பேமேக்ஸின் தோலுக்குள் வெளிச்சம் ஊடுருவி உள்ளிருந்து மெல்ல ஒளிர்வது அதன் உபயம்.

வசூல் இரண்டு கட்சிக்கும் ஆதரவாகப் பேசும். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 5 கோடியே 60 லட்சம் டாலர் எடுத்து, அதே நாளில் பரவலாக வெளியான கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. உலகம் முழுக்க 65 கோடி டாலருக்கு மேல். 2015ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர். இந்த ஆஸ்கரில் நான் கட்சி மாறிவிடுவேன். அந்த வருடப் பட்டியலில் இசாவோ தகஹாட்டாவின் ‘இளவரசி ககுயாவின் கதை’ இருந்தது. அதை வைத்துக்கொண்டு இதற்குக் கொடுத்தது அநியாயம். பேமேக்ஸே வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஜப்பானில் நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். 2014 அக்டோபரில் டோக்கியோ திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகப் போட்டு, டிசம்பரில் வெளியிட்டார்கள். அங்கே படத்தின் பெயர் வெறும் ‘பேமேக்ஸ்’. விளம்பரங்களில் சூப்பர்ஹீரோ குழுவை ஏறக்குறைய ஒளித்தே வைத்தார்கள். அண்ணனை இழந்த பையன், அவனைக் கவனித்துக்கொள்ளும் ரோபோ, அவ்வளவுதான். அமெரிக்காவில் கவசமும் பறத்தலும். ஒரே படம், இரண்டு கடையில் இரண்டு சரக்காக விற்றது. ஜப்பானில் 900 கோடி யென்னைத் தாண்டி ஓடியது. எங்கள் வீட்டு இரண்டு கட்சியையும் டிஸ்னியின் விளம்பரத் துறை எங்களுக்கு முன்பே பிரித்து வைத்துவிட்டது என்று அத்தானிடம் சொன்னேன். “ஜப்பான்காரன் ஏமாந்துட்டான்னு சொல்லு” என்றார். அத்தானை ஜெயிக்க முடியாது.

ஆனால் இரண்டு படம் என்று பிரிப்பதோடு விட்டுவிட்டால், நடுவில் இருக்கும் ஒரு காட்சியை இரண்டு கட்சியுமே தவறவிடுகிறது என்பது என் வாதம்.

பேமேக்ஸின் மார்பில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் ஒரு பச்சை சிப். தடாஷியின் பெயர் எழுதியது. வைத்தியம் எல்லாம் அதில்தான். ஹிரோ அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு சிப் செருகுகிறான், அதில் மண்டையோடு வரைந்திருக்கும். சண்டை எல்லாம் இதில். தீவில் வில்லனின் முகமூடி கழன்று, அது கேலகன் என்று தெரிகிறது. தடாஷி உங்களைக் காப்பாற்றத்தானே உள்ளே ஓடினான் என்று ஹிரோ கத்த, ‘அது அவனுடைய தவறு’ என்கிறார் அவர். அந்த நிமிடம் ஹிரோ பேமேக்ஸின் மார்பைத் திறந்து பச்சை சிப்பைப் பிடுங்கி எறிகிறான். ‘அழித்துவிடு’ என்கிறான். கண்கள் சிவக்கின்றன. அதுவரை கால்பந்தைக்கூட ஒழுங்காகத் துரத்தத் தெரியாத அந்த உருவம், தடுக்க வரும் நண்பர்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேலகனை நோக்கிப் போகிறது. ஹனி லெமன் எப்படியோ சிப்பைத் திரும்பச் செருகிவிடுகிறாள். பேமேக்ஸ் சுற்றிலும் பார்த்துவிட்டு, தன் மருத்துவ நெறி மீறப்பட்டது, உண்டாக்கிய துன்பத்துக்கு வருந்துகிறேன் என்று அதே தொனியில் சொல்கிறது.

குழந்தைகள் படத்தில் இப்படி ஒரு காட்சி சாதாரணம் இல்லை. நாயகன் ஒரு செவிலியரைக் கொலைக்கருவி ஆக்குகிறான். கவசம் மாட்டிய காட்சியில் பாட்டோடு சேர்ந்து குதூகலித்த நாம் எல்லாரும் அதற்கு உடந்தை. யாரையும் இடித்துவிடக்கூடாது என்று காற்றால் செய்த உடம்புக்கு மேல் சிவப்புக் கவசத்தை மாட்டியபோதே இது தொடங்கிவிட்டது. அத்தான் ‘வழக்கமான மார்வெல்’ என்று ஒதுக்கும் அந்த பாகம் இங்கே கதையின் நோயாகவே ஆகிறது. சின்னவள் ‘பேமேக்ஸ் மட்டும் போதும்’ என்கிறாள், ஆனால் பேமேக்ஸுக்கு என்ன செய்யப்பட்டது என்று தெரிய அந்தச் சண்டைப் பாகம் வேண்டும்.

இதற்கு அடுத்த காட்சி இன்னும் நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஹிரோ மறுபடி மார்புக் கதவைத் திறக்கப் பார்க்கிறான். பேமேக்ஸ் திறக்க விடவில்லை. கேலகனைக் கொல்வது உன் மனநிலையைச் சரிசெய்யுமா என்று கேட்கிறது. ஆமாம், இல்லை, தெரியவில்லை என்று மூன்று பதிலையும் சேர்த்துச் சொல்கிறான் பையன். தடாஷி விரும்பியது இதுவா என்று கேட்கிறது. அவன்தான் இல்லையே என்று அழுகிறான். ‘தடாஷி இங்கே இருக்கிறான்’ என்று சொல்லித் தன் வயிற்றுத் திரையில் பழைய வீடியோக்களை ஓட்டுகிறது. முதல் சோதனை. தோல்வி. அடுத்தது, தோல்வி. தூக்கம் இல்லாத கண்களோடு, ‘நான் உன்னைக் கைவிட மாட்டேன்’ என்கிறான் தடாஷி. 84ஆவது சோதனையில் பேமேக்ஸ் ‘வணக்கம், நான் பேமேக்ஸ்’ என்று சொன்னதும் அவன் போடும் ஆட்டம். நீ எத்தனையோ பேருக்கு உதவப்போகிறாய் என்று அதைப் பார்த்துச் சொல்கிறான். நான் பார்த்த வரையில் வளர்ந்தவர்கள் அழும் இடம் இதுதான். அண்ணன் செத்த இடத்தில் அழாத அத்தானும் இங்கே கண்ணாடியைத் துடைப்பார். தூசி என்பார்.

என் கணக்கில் படம் இங்கே முடிந்துவிட்டது. இதற்குப் பிறகு வரும் அரைமணி நேரத்தில் படம் தான் கண்டுபிடித்ததைத் தானே மறந்துவிடுகிறது. சிவப்பு சிப் எதற்கு என்று ஹிரோ ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கவசம் மறுபடி மாட்டப்படுகிறது, ஹிரோ கண்டுபிடித்து வில்லன் கைக்குப் போன மைக்ரோபாட் என்ற குட்டி ரோபோக் கூட்டத்தோடு அடிதடி நடக்கிறது, இந்த முறை கொல்லப் போகவில்லை, பிடிக்கத்தான் போகிறோம் என்ற ஒரு வரி போதுமானதாகிவிடுகிறது. படம் முடியும்போது அவர்கள் நகரத்தைக் காக்கும் குழுவாகவே ஆகிவிடுகிறார்கள். தடாஷி ஆசைப்பட்டது மருத்துவமனைகளில் நூறு பேமேக்ஸ். நமக்குக் கிடைத்தது பறக்கும் பேமேக்ஸ் ஒன்று. அத்தான் கடைசி அரைமணி நேரம் சலிப்பு என்பார். எனக்கு அது சலிப்பைவிட ஏமாற்றம். நடுவில் இவ்வளவு யோசித்த படம் இப்படி விட்டுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

துவாரத்துக்குள் நடப்பதை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்கிறேன். உள்ளே சிக்கியிருக்கும் கேலகனின் மகளையும் அவளை மீட்கப் போன ஹிரோவையும் வெளியே தள்ளப் பேமேக்ஸ் தன் ராக்கெட் கையைக் கொடுக்கிறது. ஆனால் ஹிரோ ‘உன் கவனிப்பில் திருப்தி’ என்று சொல்லாமல் அது தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ள முடியாது. படம் முழுக்கச் சிரிப்புக்குப் பயன்பட்ட வசனத்தை அந்தப் பையன் அழுதுகொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது. திரைக்கதையில் இப்படி ஒன்று அமைவது அதிர்ஷ்டம்.

அப்புறம் அந்தக் கை. வீட்டுக்கு வந்து பார்த்தால், மூடிய விரல்களுக்குள் பச்சை சிப். ஹிரோ புது உடம்பு செய்கிறான், பேமேக்ஸ் வந்துவிடுகிறது. இது ஏமாற்று வேலை என்று கோபப்படும் பார்வையாளர்கள் நிறைய உண்டு. அண்ணன் இறந்தால் திரும்ப மாட்டான் என்று சொல்லிவிட்டு ரோபோவை மட்டும் திருப்பித் தருவது சாவைப் பற்றிப் பொய் சொல்வது என்பது அவர்கள் கேள்வி. 1999ல் வந்த ‘தி அயர்ன் ஜயன்ட்’ படத்திலும் வெடித்துச் சிதறிய ரோபோவின் துண்டுகள் கடைசியில் ஒன்றுகூடத் தொடங்கும். அப்போதும் இதே சண்டைதான். எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. தடாஷியின் உடம்பு போனது போனதுதான். அவன் செய்து வைத்த வேலை தம்பியின் கையில் கிடைத்திருக்கிறது. செய்தவர் போனாலும் செய்த வேலை இருக்கும், அதை எடுத்து நடத்த ஒரு ஆள் இருந்தால். இதில் பொய் எங்கே இருக்கிறது?

அக்காவின் கோபத்துக்கு வருகிறேன். அவள் படத்தில் பார்ப்பது கேஸ் ஆன்ட்டியை மட்டும்தான். லக்கி கேட் கஃபே என்று கடை நடத்திக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பத்து வருடம் தனியாக வளர்த்தவர். பிள்ளை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகமாவது படித்திருக்கலாம் என்று படத்தின் ஆரம்பத்தில் அவரே புலம்புவார். பெரியவன் செத்துப்போகிறான். சின்னவனுக்குத் தட்டில் சாப்பாடு வைத்து, தொடாத தட்டை எடுத்துக்கொண்டு போகிறார். “துக்கம் பையனுக்கு மட்டும்தானா? வீட்டுக்குள்ளயே வைத்தியம் பாக்குற மிஷின் நிக்குது. ஒரு தடவையாவது அந்தப் பொம்பளைகிட்ட போய் வலி எவ்வளவுன்னு கேட்டுதா?” உண்மையில் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி ஹிரோ அதை ஆன்ட்டியின் கண்ணில் படாமல் ஒளித்துக்கொண்டே திரிகிறான், படம் அதை வைத்து நகைச்சுவை செய்கிறது. இத்தனை பேர் இத்தனை கருத்து எழுதிய படத்தில் அக்கா சொன்னதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

2022ல் ‘பேமேக்ஸ்!’ என்று சின்னச் சின்னதாய் ஆறு பகுதிகள் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தன. கவசம் இல்லை, வில்லன் இல்லை, பறத்தல் இல்லை. பேமேக்ஸ் தெருவில் நடந்து போய் நோயாளிகளைத் தேடிப் பிடிக்கிறது, அவ்வளவுதான் கதை. நீச்சல் குளத்துக்கு வந்தும் தண்ணீரில் இறங்கப் பயப்படும் ஒரு பாட்டி, மீன் சூப் கடை நடத்தி வந்தும் மீன் ஒவ்வாமை வந்துவிட்ட ஒருவர், எதையோ விழுங்கிவிட்ட தெருப்பூனை. பள்ளிக்கூடத்தில் முதல் மாதவிடாய் வந்து கழிப்பறையில் ஒளிந்துகொள்ளும் சிறுமிக்கு நாப்கின் வாங்கக் கடைக்குப் போகும் பகுதிக்கு அமெரிக்காவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எந்த நாப்கின் நல்லது என்று பேமேக்ஸ் கடையில் நிற்பவர்களைக் கேட்கும்போது, ஆலோசனை சொல்பவர்களில் ஒரு திருநம்பியும் இருந்தது பலருக்கு ஆகவில்லை. பலர் நின்று ஆளுக்கொரு பாக்கெட்டைப் பேமேக்ஸ் கையில் அடுக்கும் அந்தக் காட்சியை அக்கா மகளோடு சேர்ந்துதான் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்க கடைக்குப் போனா எது வாங்குவீங்க?” என்றாள். அவள் அம்மா உள்ளே இருந்து பிராண்ட் பெயரைச் சொன்னாள்.

அந்தத் தொடரின் முதல் பகுதியின் நோயாளி கேஸ் ஆன்ட்டி. கணுக்கால் சுளுக்கிக்கொண்டும் கடையை மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார், பேமேக்ஸ் அவரைப் படுக்க வைக்கப் போராடுகிறது. அக்காவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டு, எட்டு வருடம் தாமதம் என்று தீர்ப்புச் சொன்னாள். அத்தானுக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் இதில் சண்டையே இல்லையே, ஆறு பகுதிக்கு மேல் எப்படி இழுப்பார்கள் என்று கேட்கிறார். மருத்துவமனையில் வேலை செய்யும் என் தோழியைக் கேட்டால் அறுபது பகுதிக்குக் கதை சொல்வாள்.